11,500 அடி உயரத்தில் ஒரு முகூர்த்தம்

பிள்ளையும் பெண்ணும் தமக்குள் கலந்து பேசி, தங்கள் விவாகம் லடாக்கில்தான் நடைபெற வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட பிறகு, அந்தத் தீர்மானம் உசிதமானதுதானா என்று பெரியவர்கள் ஆராயப் புகுவதில் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பதை இரண்டு குடும்பங்களின் அனுபவத்தில் நான் கண்டிருக்கிறேன். ஆகவே அந்த விவாதத்தை ஒதுக்கிவிட்டு, எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த வழியாகப் போய் அந்தச் சுபகாரியத்தை நடத்துவது என்ற கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை தேடுகிறேன். புகைப்படத்தில் எந்த இடம் அழகாக விழும் என்பதைக் கொண்டு இவற்றைத் தீர்மானிப்பது இக்காலத்து வழக்கம். வரப்போகிற பந்துக்களில் மிக மூத்தவர் யாரோ அவருடைய மூச்சைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தெற்கிலிருந்து வரும் மழை மேகங்களை இமயத் தொடர் மறித்துவிடுவதால், அதன் முதுகுப்புறத்தில் கிடக்கும் லடாக் ஒரு குளிர்ப் பாலைவனமாயிற்று. லே நகரத்தில் ஓராண்டு முழுவதும் விழும் மழையையும் பனியையும் சேர்த்து அளந்தால் சுமார் 100 மில்லிமீட்டர்தான் தேறும். ஐப்பசி அடைமழையில் நம் ஊரில் ஒரே நாளில் கொட்டிவிடக்கூடிய அளவு அது. இந்த வறட்சியாவது உதட்டை வெடிக்கச் செய்வதோடு நின்றுவிடும். ஆனால் சுமார் 11,500 அடி, அதாவது 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்த அந்நகரத்தில், கடற்கரையில் நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது என்பதும், டில்லியில் விடியற்காலையில் விமானம் ஏறியவர் ஒன்றரை மணி நேரத்திற்குள் அந்த மெல்லிய காற்றில் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறார் என்பதும், விவாக ஏற்பாடுகளில் இறங்குகிறவர்கள் இரவும் பகலும் மறவாதிருக்க வேண்டிய விஷயங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் மலைநோய், அலட்சியம் செய்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே அபாயமாகிவிடக்கூடும். அதற்குக் கைகண்ட பரிகாரம் தாமதமின்றிக் கீழே இறங்குவது. இறங்குவதற்கு வழி இருக்கிறதா என்பதை வைத்தே இடங்களை எடை போட்டுப் பார்ப்போம்.

இளைஞர்கள் முதலில் சொல்லும் பெயர் பாங்காங். 2009-இல் வந்த ஓர் இந்தித் திரைப்படத்தின் முடிவுக் காட்சியில் தோன்றியது முதல் அந்த உப்பு நீர் ஏரியின் நீலம் தேசம் முழுவதையும் மயக்கி வைத்திருக்கிறது; மயங்கத்தக்க நீலந்தான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. சுமார் 134 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் மூன்றில் ஒரு பங்கே நம் வசம் இருக்கிறது. எஞ்சியது சீனத்தின் வசம். கரையே 4,250 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்குள்ள காற்று, கடற்கரைக் காற்றில் ஐந்தில் மூன்று பங்கு கனந்தான். லேயிலிருந்து ஐந்து மணி நேரம் மோட்டாரில் போக வேண்டும். நடுவில் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும். நோய் கண்டவரைத் திருப்பி அழைத்து வருவதானாலும், இறங்குவதற்கு முன்னால் அதே கணவாய்க்கு அவரை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

அந்த ஏரிக்கரையில் நடந்த ஒரு விவாகத்திற்கு நானும் போயிருந்தேன். மாங்கல்யதாரணம் ஆகும் நேரத்தில் பெண்ணின் பாட்டியார் மோட்டாருக்குள்ளேயே, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு, மூடிய கண்ணாடி வழியாகப் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்சதையை அவர் கையில் யாரோ கொடுத்திருந்தார்கள். கண்ணாடியைச் சற்று இறக்கி அவர் தூவிய அட்சதை, காற்றில் அடித்துக்கொண்டு எங்கேயோ போயிற்று. அன்று எடுத்த படங்கள் எல்லாம் மிக அழகாக வந்திருக்கின்றன. கல்யாணம் முடிந்து, உடம்பும் அந்த உயரத்திற்குப் பழகிய பின், தம்பதிகள் இருவர் மட்டும் போய்ப் பார்த்துவர வேண்டிய ஸ்தலம் பாங்காங் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நுப்ராப் பள்ளத்தாக்கின் வழக்கு அவ்வளவு எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. அது சுமார் 3,100 மீட்டரில், லேயைவிடத் தாழ்வாகவே இருக்கிறது; ஹுண்டரில் பனி மலைகளின் காலடியில் வெண்மணல் மேடுகள் அலையலையாகக் கிடக்கின்றன; யார்க்கண்டு வரை சென்ற பழைய வணிகச் சாத்துக்களின் எச்சமாக இரட்டைத் திமில் ஒட்டகங்கள் இன்றும் அங்கே மேய்கின்றன; திஸ்கித் மடாலயத்தின் கீழே, 2010-இல் தலாய் லாமா திறந்துவைத்த 32 மீட்டர் உயர மைத்ரேய புத்தர், வடக்கு நோக்கி அமர்ந்து ஷியோக் நதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒட்டகத்தின் மேல் ஆசை வைத்த ஒரு பிள்ளையை நான் அறிவேன். ஆசையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே போகும் பெருவழி கர்துங் லாவின் மேல் ஏறிப் போகிறது. 18,380 அடி என்று அந்தக் கணவாயில் பலகை நாட்டிப் பல காலம் பெருமை பேசிவந்தார்கள். பிற்காலத்து அளவீடுகள் அதை 5,359 மீட்டராக, ஏறத்தாழ 17,600 அடியாகக் குறைத்துவிட்டன. குறைந்ததனால் ஏறுகிறவருக்கு லாபம் ஒன்றுமில்லை; அங்கே கிடைக்கும் காற்று கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். பனி விழுந்தாலும் பாறை சரிந்தாலும் வழி அடைபட்டு, முகூர்த்த நாளன்று பாதி விருந்தினர் ஒரு பக்கமும் மீதிப் பேர் மறுபக்கமுமாக நிற்க நேரலாம். இருதய பலமுள்ள இளைஞர்கள் இருபது பேர் மட்டுமே கூடும் விவாகமானால் நுப்ராவுக்கு நான் சம்மதம் சொல்வேன்.

லே நகரத்தைப் பொறுத்தவரை சௌகரியங்களில் அதற்கு ஈடில்லை. விமான நிலையம், பெரிய அரசாங்க மருத்துவமனை, கடைவீதி, தோட்டங்களோடு கூடிய விடுதிகள் எல்லாம் சில மைல்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எந்தப் பந்தலில் உட்கார்ந்தாலும் 17-ஆம் நூற்றாண்டில் லடாக் மன்னர் செங்கே நம்கியால் கட்டிய ஒன்பது நிலை அரண்மனை குன்றின் மேலிருந்து பார்வையில் படும். ராஜ வம்சத்தார் பின்னாளில் குடியேறிய ஸ்டோக் கிராமத்து அரண்மனை, சிந்து நதிக்கு அக்கரையில் அரை மணி நேர தூரத்தில் இருக்கிறது. அதில் சில அறைகளை விருந்தினருக்கு விடுகிறார்கள். குறைகள் இரண்டு. சீசன் நாட்களில் மோட்டார் நெரிசலும் புழுதியும், பாலைவனத்திற்கு வந்தோம் என்ற நினைப்பையே கெடுத்துவிடுகின்றன என்பது ஒன்று. விமானத்திலிருந்து இறங்கிய முதல் இரவே 3,500 மீட்டரில் உறங்க வேண்டும் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது குறை இல்லாத ஓர் இடம், சுற்றுலாப் படங்களில் அவ்வளவாக அடிபடாத காரணத்தினாலேயோ என்னவோ, கல்யாணக்காரர்களின் கண்ணில் எளிதில் படுவதில்லை. லேயிலிருந்து மேற்கே சிந்துவின் போக்கிலேயே ஸ்ரீநகர்ச் சாலையில் போனால், 35 கிலோமீட்டரில் நிம்மு வருகிறது; அவ்வூருக்கு அருகே ஸன்ஸ்கார் நதி சிந்துவில் கலக்கும் இடத்தில் இருவேறு நிறத்து நீர் சிறிது தூரம் ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுவதைச் சாலையிலிருந்தே காணலாம். இன்னும் 30 கிலோமீட்டர் சென்று, ஸஸ்போலுக்கு அருகே பாலத்தைக் கடந்தால் அக்கரையில் ஆல்ச்சி. ஷாம் என்று வழங்கும் இப்பகுதி சுமார் 3,100 மீட்டர்தான். நெடிய கணவாய் எதுவும் குறுக்கிடாததால், காலை விமானத்தில் வந்தவரைப் பகல் போஜனத்திற்குள் அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடலாம். அகால வேளையில் யாருக்கேனும் மூச்சு முட்டினாலும் இரண்டு மணி நேரத்திற்குள் லே மருத்துவமனையை எட்டிவிடலாம். ஆப்ரிகாட் தோட்டங்களும் பாப்ளார் மர வரிசைகளும் பார்லி வயல்களும் சூழ்ந்த அந்தக் கிராமங்களில், தலையை நிமிர்த்தினால் புல் பூண்டு இல்லாத மலை, குனிந்தால் பச்சை என்ற விசித்திரம் எப்போதும் கூடவே இருக்கும். ஆல்ச்சி மடாலயத்தின் பழைய சுவர்ச் சித்திரங்கள், காசுமீரக் கலைஞர்களின் மரபில் 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் தீட்டப் பெற்றவை என்பது பொதுவான கருத்து. வந்த பந்துக்கள் ஒரு பிற்பகலைச் செலவிட அதைவிட மேலான இடம் லடாக்கில் இல்லை. விடுதிகளில் அறைகள் குறைவு, அலங்காரக்காரர் முதல் சமையற்காரர் வரை லேயிலிருந்துதான் வரவேண்டும், செலவு அதனால் கூடும் என்பவை உண்மைதான். அறுபது பேருக்கு உட்பட்ட விவாகமானால் நான் ஆல்ச்சியையே தேர்வேன். அதற்கு மேற்பட்டால் லேயோடு திருப்தியடைய வேண்டியதுதான்.

லடாக்கை விட்டு, ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உள்ள காஸாவைச் சொல்கிறவர்களும் உண்டு. அது லேயைவிட உயரம். விமான நிலையமும் இல்லை. தள்ளிவிடலாம்.

மாதத்தைத் தேர்வதில் நம்முடைய பஞ்சாங்கமும் லடாக்கின் வானமும் ஆச்சரியப்படத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன. மே முதல் செப்டம்பர் வரைதான் அங்கே வெளியூரார் சிரமமின்றித் தங்க முடியும் என்று வைத்துக்கொண்டால், அக்காலத்தின் நடுவே நாம் கல்யாணம் செய்யாத ஆடி வந்துவிடுகிறது. லடாக்கில் மழையினால் வழி கெடும் அபாயம் அதிகமான நாட்களும் ஏறத்தாழ அவையே. 2010 ஆகஸ்டு 5-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி லேயில் கொட்டிய பேய்மழையும், மரமற்ற மலைகளிலிருந்து உருண்டு வந்த சேற்று வெள்ளமும் 200-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது இந்த ஆடி மாதத்தில்தான். எஞ்சி நிற்பவை வைகாசி, ஆனி, ஆவணி. வைகாசியில் இரவுக் குளிர் இன்னும் கடுமையாகவே இருக்கும். மணாலி வழிச் சாலை அப்போதுதான் திறந்தும் திறவாமலும் இருக்கும். ஆனியில் பகல் இதமானதாயினும், ஹேமிஸ் மடாலயத்தின் முகமூடி நடனத் திருவிழா பெரும்பாலும் அந்த நாட்களில் வருவதால் விடுதிக் கூலி ஏறிவிடும். ஆவணியின் பிற்பகுதியில், அதாவது செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில், வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்து, பார்லி பொன்னிறமாக முற்றி அறுவடைக்கு நிற்கும். கூட்டமும் கலையத் தொடங்கியிருக்கும். அறுவடை மும்முரத்தில் கிராமத்தார் உங்கள் பந்தற்கால் நட ஓடிவர மாட்டார்கள் என்பதுதான் அதில் உள்ள சங்கடம். லடாக்கியர்கள் தங்கள் வீட்டு விவாகங்களை வயல் வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் வைத்துக்கொண்டதற்குக் காரணமும் இதுவே. இரவில் பூஜ்யத்திற்கு 15 டிகிரி கீழே போகும் அந்தக் குளிர்காலத்தை நாம் அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுப்பகலுக்குப் பின் அப்பள்ளத்தாக்குகளில் புழுதிக் காற்று கிளம்பிவிடும். லேயில் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுவதற்கு அந்தக் காற்றும் ஒரு காரணம். அஸ்தமன வேளையில் திறந்த வெளி வைபவம் என்று ஏற்பாட்டாளர்கள் ஆசை காட்டினால் இணங்க வேண்டாம். காலை எட்டு மணி முகூர்த்தமே அங்கேயும் உத்தமம்.

பிரயாண வழிகளில், விமானத்தின் விரைவே அதன் தீமை என்று மேலே சொன்னேன். ஆயினும் வயதானவர்களுக்கு அதைத் தவிர வேறு மார்க்கம் இல்லையாதலால், முதல் 48 மணி நேரமும் படுக்கையும் நாற்காலியுமே கதி என்ற நிபந்தனையோடு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மலைநோய்க்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கப்படும் மாத்திரையை அவரவர் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். இருதயம், சுவாசகோசம் சம்பந்தமான வியாதியுள்ளவர் வைத்தியர் கூடாதென்றால் வராமலிருக்க வேண்டும். மேகம் சூழ்ந்தால் விமானம் இறங்காமலே டில்லிக்குத் திரும்பிவிடுவது உண்டாகையால், மணமக்களும் புரோகிதரும் ஒரே நாள் விமானத்தை நம்பியிருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. சாலை வழியே போகக்கூடிய திடகாத்திரர்களுக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. மணாலிச் சாலை, 2020-இல் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கத்தினால் ரோதாங் கணவாயைத் தவிர்த்துவிட்ட போதிலும், 4,290 மீட்டரில் உள்ள ஸர்ச்சுவின் கூடாரங்களில் பிரயாணிகளைத் தூக்கமின்றித் தவிக்க வைத்துப் பெயர் பெற்றது. 5,328 மீட்டர் தங்லங் லா அதற்குப் பின்னால் காத்திருக்கும். ஸ்ரீநகர்ச் சாலையோ 1,585 மீட்டரில் தொடங்கி, ஸோஜி லா ஏறி, கார்கிலின் 2,676 மீட்டரில் இரவு தங்கவைத்து, படிப்படியாக உடம்பைப் பழக்கி மேலே கொண்டுவருகிறது. அதைவிட முக்கியம், அவ்வழியே வருகிறவர்களுக்கு லேக்கு முன்பாகவே ஆல்ச்சி வந்துவிடும்.

சடங்குகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அந்தந்தக் குடும்பத்தின் மனசாட்சிக்கு உட்பட்டது. ஆனாலும் நாதஸ்வர வித்துவானை மட்டும் அழைத்துப் போக வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்வேன். மூச்சையே மூலதனமாகக் கொண்ட ஒருவரை மூச்சுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஊரில் இரண்டு மணி நேரம் ஊதச் சொல்வது தர்மமாகாது; அந்த வறட்சியில் சீவாளியும் தவிலின் தோலும் என்ன பாடு படும் என்பதை அவர்களே அறிவார்கள். லடாக்கிலேயே மோன் என்ற வகுப்பார் பரம்பரையாக வாசித்துவரும் 'தாமன்', 'ஸுர்னா' என்ற வாத்தியங்கள் உண்டு. தாமன் இரட்டைப் பேரிகை. ஸுர்னா நம் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதும் குழல். அங்கே எந்த மங்கள காரியமும் அவை இன்றி நடப்பதில்லை. மாங்கல்யதாரண வேளையில் அந்தப் பேரிகை அதிர்ந்தால் கெட்டி மேளத்துக்கு எந்தக் குறையும் வராது. வாசிக்கிறவர்களும் அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

மாவிலைக்குப் பதில் வில்லோ இலைத் தோரணம் கட்டலாம். தேங்காய், வெற்றிலை, வாழையிலை, மல்லிகை ஆகிய நான்கும் டில்லி வழியே விமானத்தில்தான் வர வேண்டும். மல்லிகை வாடித்தான் வரும். மரமே அருமையான தேசமாதலால் ஹோமத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்வது மரியாதை. மடாலய முற்றத்தில் பந்தல் போடலாமா என்று கேட்கிறார்கள், கேட்கவே கூடாது. லடாக்கிய பௌத்தர்களே விவாகத்தை வீட்டில்தான் நடத்துகிறார்கள். 'ஒன்போ' என்ற சோதிடர் நாள் குறிக்க, 'நியோபா' என்ற மாப்பிள்ளைத் தோழர்கள் பெண் வீட்டு வாசலில் பாட்டாகவே கேள்வியும் விடையும் சொல்லி நுழைவு பெற, நீலக் கற்கள் பதித்த 'பெராக்' என்னும் தலையணியைத் தாயிடமிருந்து பெற்று மகள் புறப்படும் அந்த வைபவத்தை விடுதிக்காரர்கள் வேஷம் கட்டி நடித்துக் காட்டுவதைவிட, வந்த பெரியவர்களுக்கெல்லாம் 'கதக்' என்ற வெள்ளைத் துகில் அணிவிக்கும் ஒரு பழக்கத்தை மட்டும் மணமக்கள் கடன் வாங்கிக்கொள்வது நாகரிகம்.

சாப்பாட்டு விஷயத்தில் பௌதிக சாஸ்திரம் குறுக்கிடுகிறது. லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகுமென்று காத்திருப்பது வீண்; எல்லாம் பிரஷர் குக்கரில்தான். குளிரில் மாவு புளிக்காது. நீராவியின் உஷ்ணமும் குறைவு. ஆகவே ஊரிலிருந்து சமையற்காரரை அழைத்துப் போய் நூறு பேருக்கு இட்லி வார்க்கச் சொன்னால் அவர் பெயர்தான் கெடும். பொங்கலும் ரசமும் குக்கரில் தப்பிப் பிழைக்கும். கூடவே 'துக்பா' என்ற உள்ளூர் நூடுல்ஸ் சூப்பும், ஆப்ரிகாட் பழமும், வெண்ணெய்த் தேநீரும் வைத்தால் போதும். 'சாங்' என்ற பார்லி மது எல்லா விருந்திலும் சுற்றிவரும். முதல் இரண்டு நாட்கள் அதைத் தொடாதிருப்பது நலம். பனியாறு உருகி வரும் நீரை நம்பிப் பிழைக்கும் ஊர் என்பதை மறந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டிருப்பவர்களைக் கல்யாண வீட்டார் கண்டிக்க வேண்டும்.

சட்ட சம்பந்தமாக இரண்டு குறிப்புகள். 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி பதிவு செய்வதானால், இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து மேலும் 30 நாட்கள் காத்திருக்கவும் வேண்டும். பத்து நாள் விருந்தினருக்கு இது ஆகாத காரியமாகையால், பதிவைச் சொந்த ஊரில் முன்பே முடித்துக்கொண்டு புறப்படுவது சுலபம். இரண்டாவது, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் அந்நாட்டுப் பாஸ்போர்ட்டோடு வரும் சித்தப்பாக்களுக்கு லே நகரத்தில் தடையில்லை. நுப்ராவுக்கும் பாங்காங்குக்கும் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வெளி மாநிலத்து ப்ரீபெய்ட் கைப்பேசி அங்கே வேலை செய்யாது என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். எல்லைப் பிரதேசமாகையால், படம் பிடிக்க டிரோன் பறக்கவிடுவதற்கு முன்னால் அதிகாரிகளின் அனுமதி அவசியம்.

இவ்வளவும் தீர்மானமான பிறகு அழைப்பிதழ் அச்சடிக்கும் வேலை இருக்கிறது. முகூர்த்த நேரத்திற்குக் கீழே, விருந்தினர் மூன்று நாள் முன்னதாகவே வந்து சேர வேண்டும் என்பதையும், வந்தபின் இரண்டு நாள் எங்கும் சுற்றாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பதையும் கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள். 'தங்கள் இஷ்டமித்திர பந்துக்களுடன்' என்ற வழக்கமான வரியை மட்டும் அச்சகத்தாரிடம் மறவாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள்.